நாற்பது பெருசு, இருபது பொடி

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் ஐந்து பேர் இருந்தோம். காலித் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அப்பா. உட்காரச் சொல்லியும் உட்காராமல் சின்னம்மா. படியில் அம்மா. கையில் சாக்பீஸோடு நான். தன்னுடைய குட்டி யானை வண்டியின் பக்கப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வண்டிக்கார அண்ணன். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், எங்கள் தக்காளியை வாங்குகிற மண்டிக்காரர். இன்னொருவர் சித்தப்பா, அதாவது சின்னம்மாவின் வீட்டுக்காரர். பெங்களூரில் ஒரு பேக்கரியில் பன் சுடுகிறவர். என் புத்தியையும் இல்லாதவர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

நான் எழுத வந்தது அந்த வண்டிக்கார அண்ணனைப் பற்றி. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் மட்டும் ஒப்புக்கொள்ளவா போகிறார். "நீ ஒருத்தன் எழுதுனா ஆச்சா? இன்னொருத்தனும் எழுதட்டும், அப்பறம் நம்பறேன்" என்பார்.

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். தாய்வழியில் கன்னடம் பேசுகிற குடும்பம். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "ஹௌதா?" என்ற ஒரு சொல். அப்படியா என்று பொருள். கேலியாகக் கேட்கமாட்டார், மரியாதையாகத்தான் கேட்பார். ஆனால் அதோடு விடவும் மாட்டார். "செரி. வேற யாரு பாத்தாங்க?" என்பார். அதியமான்கோட்டையில் மழை என்று போன் வந்தால், அந்தப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸின் கூரை ஈரமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். வீட்டில் இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். காய்ச்சலையும் அவர் ஒரே ஆள் பேச்சைக் கேட்டு ஒத்துக்கொள்வதில்லை.

"சாட்சி ரெண்டு வேணும் பியெஸ்ஸி. ஒண்ணு பத்தாது."

பியெஸ்ஸி என்பது நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். போனவன் திரும்பி வராமல் தர்மபுரியில் கல்லூரிவரைக்கும் போய், கணிதத்தில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. சான்றிதழை லேமினேட் செய்து மாட்டியிருந்தோம். மின்சாரக்காரர் மீட்டர் பார்க்க வந்தாலும் அப்பா அதைக் கடந்துதான் அவரை அழைத்துப் போவார். நான் அந்தச் சமயம் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, வீட்டில் இருந்தேன். வீட்டில் இருப்பவன் சும்மா இருக்கக் கூடாதென்று தக்காளி லோடோடு என்னை மண்டிக்கு அனுப்புவார்கள். அப்படித்தான் அண்ணனின் வண்டியில் பக்கத்து சீட் எனக்குக் கிடைத்தது.

முதல் தடவை அவரோடு சேலம் பக்கம் போனபோது தொப்பூரில் ஒரு கடையில் சாப்பிட்டோம். விலைப் பலகை கிடையாது. சாப்பிட்டு முடித்தபின் மொத்தமாக ஒரு தொகை சொல்கிற கடை. இருவருமாகச் சேர்ந்து நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட். எண்பது ரூபாய் என்றார்கள். நான் பர்ஸைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். பக்கத்து மேசையில் இரண்டு லாரிக்காரர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாலு பரோட்டா, ரெண்டு ஆம்லெட். நூறு ரூபாய்.

"ஆம்லெட்டு இருவது. பரோட்டா பதினஞ்சு. செரியாத்தான் வாங்கறான், குடுத்துடு" என்றார்.

"எப்படிண்ணா?"

"அவங்களுக்கு நம்மள விட ஒரு ஆம்லெட்டு கூட. இருவது ரூவா கூட. வேற என்னா வேணும்?"

விலையைக் கடைக்காரரிடமே கேட்டிருக்கலாமே என்றேன். "கடைக்காரன் சொன்னா அது அவன் பேச்சு. பக்கத்து டேபிள்காரனுக்கு நம்மகிட்ட பொய் சொல்லணும்னு என்னா இருக்கு? அவந்தான் சாட்சி" என்றார். நான் காகிதத்தில் ஒரு பரோட்டாவின் விலை x என்க, ஒரு ஆம்லெட்டின் விலை y என்க என்று எழுதிச் சரிபார்த்தேன். விடை சரியாகத்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் வண்டியைக் கிளப்பி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

அதே நாள் கணவாயில் லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டிருக்கிறது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவர் பக்கத்தில் நின்றவரும் ஆமாம் என்றார். ரெண்டு சாட்சி ஆயிற்றே, திரும்பலாம் என்றேன். அண்ணன் அசையவில்லை. "அவருகிட்ட கேட்டத இவரு நம்மகிட்ட சொல்றாரு. இது ஒரே சாட்சி, போட்டிருக்கற சட்ட மட்டும் ரெண்டு" என்றார். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி விசாரித்தார். பாதை ஒரு பக்கம் திறந்துவிட்டார்களாம். போனோம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு எரிச்சலாக இருந்தது. சரியாக இருக்கிறவர்களோடு பயணம் செய்வது அவ்வளவு சுகமானதல்ல.

அவர் கல்யாணமான கதையை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார். பெண் பார்க்கப் போனபோது அண்ணன் பெண்ணின் தெருவில் இரண்டு பேரை, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேராகப் பார்த்து விசாரித்தாராம். இது பெண்ணின் காதுக்குப் போய்விட்டது. காபி கொடுக்கும்போது அவர் நேராகக் கேட்டிருக்கிறார்: "என்னப் பத்தி ரெண்டு பேர கேட்டீங்களாமே. உங்களப் பத்தி நான் யாரக் கேக்கறதுங்க?"

அண்ணன் கொஞ்சம் யோசித்து, "வண்டிக்கு கடன் குடுத்தவரு ஒருத்தரு இருக்காரு, அவரக் கேளுங்க. எங்கிட்ட சண்ட போட்டுட்டுப் போன கிளீனரு ஒருத்தன் இருக்கான், அவனையும் கேளுங்க. எங்கம்மாவ மட்டும் கேக்காதீங்க, நல்லதாத்தான் சொல்லும்" என்றாராம். இந்தப் பெண் உண்மையாகவே இருவருக்கும் போன் போட்டுக் கேட்டு, பிறகுதான் சரி என்றிருக்கிறார். அந்தக் கிளீனர் என்ன சொன்னான் என்று இன்றுவரை அண்ணனுக்குத் தெரியாது. அதற்கு மட்டும் இரண்டாவது சாட்சி கிடைக்கவில்லை.

இந்தப் பழக்கம் எப்போதும் சிரிப்பாக முடிந்ததென்று சொல்லமாட்டேன். ஒருமுறை நாங்கள் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி போன் செய்து, பிள்ளை மாடிப்படியில் விழுந்துவிட்டது, மண்டையில் ரத்தம் என்று அழுதார். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வண்டியைத் திருப்புவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, நிஜமாகவே அடிபட்டிருக்கிறதா, எவ்வளவு என்று கேட்டார். ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் மனைவி ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. அந்த மாசம் முழுக்க வண்டியில் பாட்டுப் போடாமலே போய் வந்தோம். "பழக்கம் பியெஸ்ஸி. கை தானா போன எடுத்துருச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் இண்டூருக்குப் பக்கம். எங்கள் நிலமும் சின்னம்மா நிலமும் வரப்பு ஒட்டினவை. எங்கள் பக்கம் போர்வெல் இருக்கிறது. பழம் பெருசாக வரும். சின்னம்மாவுக்கு எங்கள் போரிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர். பழம் பொடியாக வரும். சித்தப்பா பெங்களூரில் இருந்ததால் நட்டது, களை பிடுங்கியது, மருந்தடித்தது எல்லாம் சின்னம்மா ஒற்றை ஆள். இரண்டு வீட்டுப் பழமும் ஒரே வண்டியில் ஒரே மண்டிக்குப் போகும்.

அந்த மண்டிக்காரர் திங்கட்கிழமை ஒரு விலை வைத்தால் ஞாயிறுவரை அதை மாற்றமாட்டார். ஆனால் சீட்டில் பிரித்து எழுதமாட்டார். பெருசு இத்தனை பெட்டி, பொடி இத்தனை பெட்டி, மொத்தம் இவ்வளவு ரூபாய். பெட்டிக்கு என்ன விலை என்று கேட்டால், "கூட்டாத்தான் வாங்கறேன், கூட்டாத்தான் காசு. புடிக்கலீன்னா வேற மண்டி பாருங்க" என்பார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொடி ஏற்றக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். சின்னம்மாவின் பழம் தேங்கிப் போகக் கூடாதென்று நாங்கள் எப்போதும் அந்த ஒரு பங்கை முழுசாக ஏற்றிவிடுவோம். அடியில் இரண்டு வரிசை பெருசு, மேலே ஒரு வரிசை பொடி. வண்டி நிறைந்தாலும் குறைந்தாலும் அந்தக் கட்டு மாறாது. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவோம்.

வந்த பணத்தைப் பிரிக்க அப்பா எப்போதோ ஒரு கணக்கு வைத்துவிட்டார்: ஒரு பொடிப் பெட்டி, பெருசில் பாதி. அதை யாரும் கேள்வி கேட்டதில்லை, அந்த வாரம்வரை.

அந்த வாரம் பாதிக் கணக்கில் பொடி ஒரு பெட்டிக்கு நூற்று நாற்பது ரூபாய் வந்தது. பறிக்கிற கூலி, பெட்டி வாடகை, வண்டிப் பங்கு எல்லாம் சேர்த்துச் சின்னம்மாவுக்கு ஒரு பெட்டிக்கு நூற்றைம்பது செலவு. அதனால்தான் வாசலில் வந்து நின்றார்.

"மாமா, நீங்க பாதின்னு சொல்றீங்க, நான் இல்லேங்கல. ஆனா நெசமா பொடிக்கு அவன் என்னா போடறான்னு தெரியணும். நூத்தம்பதுக்கு மேல போட்டா செடிய வெச்சிருப்பேன். கீழன்னா வயல்ல ஆட்ட மேய உட்டுட்டு பெங்களூருக்குப் போயிடறேன். அவரு தெனமும் வா வாங்கறாரு."

பெங்களூருக்குப் போவதில் சின்னம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. பேக்கரிக்குப் பின்னால் எட்டுக்குப் பத்து அறை. ஒருமுறை போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்து, "கதவத் தொறந்தா அடுத்த வூட்டு செவுரு மூக்குல இடிக்குது. அங்க நான் என்னாத்த பண்றது, மாவு பெசையறதா?" என்றவர். செடி இருந்தால் இங்கே இருக்கலாம். செடி நிற்க வேண்டுமானால் ஒரு பெட்டிப் பொடி நூற்றைம்பதைத் தாண்ட வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

"படிச்ச புள்ள வூட்ல இருக்கறான். போட்டுச் சொல்லட்டும்" என்றார் அப்பா.

நான் இதற்காகவே பிறந்தவன்போல எழுந்தேன். அண்ணன் வண்டியின் பின்கதவுக்குப் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தார். கரும்பலகை தயார். திங்கட்கிழமைச் சீட்டு: பெருசு நாற்பது, பொடி இருபது, மொத்தம் பதினாலாயிரம். புதன்கிழமைச் சீட்டு: பெருசு முப்பது, பொடி பதினைந்து, மொத்தம் பத்தாயிரத்து ஐந்நூறு. அடுத்தடுத்து எழுதினேன்.

40x + 20y = 14000
30x + 15y = 10500

"எக்ஸுன்னா என்னா கண்ணு?" என்றார் சின்னம்மா.

"பெருசு ஒரு பெட்டி விலை."

"அப்ப ஒய்யிங்கறது நானா?"

"உங்க பொடி, சின்னம்மா."

"கடைசியில நிக்குதே, அப்பவே தெரியும்" என்றார். அம்மா சிரித்தாள்.

மேலே உள்ளதை மூன்றால் பெருக்கினேன். கீழே உள்ளதை நாலால் பெருக்கினேன். இரண்டும் ஒரே வரியாக ஆகிவிட்டன: 120x + 60y = 42000. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். x போயிற்று. y போயிற்று. வலப்பக்கம் நாற்பத்திரண்டாயிரமும் போயிற்று. கதவில் மிஞ்சி நின்றது இது:

0 = 0

"என்னாடா, எல்லாம் சைபராப் போச்சு?" என்றார் அப்பா.

அந்த இடத்தில் ஒரு நல்ல மாணவன் சாக்பீஸைக் கீழே வைத்திருப்பான். நான் முதல் வகுப்பு. "அதுதான்பா விடை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம். அப்படின்னா நம்ம கணக்குல தப்பே இல்லைன்னு அர்த்தம்" என்றேன். அது போதாதென்று சரிபார்த்தும் காட்டினேன். பெருசு இருநூற்று எண்பது, பொடி நூற்று நாற்பது என்று அப்பாவின் பாதிக் கணக்கையே இரண்டு வரியிலும் போட்டேன். பதினாலாயிரம் வந்தது. பத்தாயிரத்து ஐந்நூறும் வந்தது. கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் எங்கள் கணக்கு சார் அப்படித்தான் தட்டிக்கொள்வார்.

அதுவரை பேசாமல் இருந்த அண்ணன், "ஹௌதா?" என்றார். பிறகு கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பியெஸ்ஸி, இது ரெண்டு சீட்டு இல்ல. ஒரே சீட்டு."

"ரெண்டு தேதி இருக்கு பாருங்கண்ணா."

"தேதி ரெண்டு, பேச்சு ஒண்ணு. திங்கக்கெழம சொன்னதயே புதங்கெழம கொஞ்சம் கொரலக் கொறச்சு சொல்லியிருக்கறான். நாமதான் எப்பவும் ரெண்டுக்கு ஒண்ணு ஏத்தறமே. ஒரே உலையில வெந்த சோத்த பெரிய தட்டுல கொஞ்சம், சின்ன தட்டுல கொஞ்சம் போட்டா ரெண்டு சமையலா ஆயிடுமா?"

"பெறகு என்னா பண்ணலாங்கற?" என்றார் அப்பா.

"வெள்ளிக்கெழம நடையில பொடிய பத்து பொட்டி கொறச்சு ஏத்தலாமுங்க பெரியவரே. பெருசு அதே நாப்பது. காசு எவ்வளவு கொறையுதுன்னு பாத்தா முடிஞ்சுது."

"பத்து பொட்டி இங்க கெடந்து அழுகுனா யாரு குடுக்கறது? அதான் புள்ள போட்டுக் காட்டிட்டானே."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். என் வாழ்க்கையில் அழித்துவிட முடிந்தால் அழிக்கவேண்டிய வாக்கியங்களில் முதலாவது அது.

"அண்ணா, இது பரோட்டாக் கடை இல்ல. கணிதம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்ப் பழைய இடத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். என் விடையில் எங்கள் வீட்டுப் பங்குதான் பெரிதாக இருந்தது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியதா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் வருவதற்கு ஒரு பி.எஸ்ஸி. பத்தாது.

சின்னம்மா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். "நல்லா பாத்தியா கண்ணு?"

"கணக்கு பொய் சொல்லாது சின்னம்மா."

"செரி. நீ சொன்னா செரிதான்" என்றார்.

மறுநாள் காலையில் சின்னம்மா பழுத்தவரை பறித்தார். பத்துப் பெட்டிதான் தேறியது. மத்தியானம் ஆட்டுக்காரர் பட்டியோடு வந்துவிட்டார். வயல் முழுக்க மேய்த்துக்கொள்ள அவர் கொடுத்தது ஆயிரம் ரூபாய். செடியைத் தின்கிற ஆடு ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. நூறு ஆடு ஒரே சமயத்தில் மெல்லும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. சாயங்காலத்துக்குள் சின்னம்மா நிலத்தில் குச்சிகள் மட்டும் நின்றன. சின்னம்மா வரப்பில் நின்று கடைசிவரை பார்த்தார். நான் அறையில் உட்கார்ந்து பொது அறிவு படித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பது பெருசும் அந்தப் பத்துப் பொடியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பின்கதவில் என் கணக்கு அப்படியே இருந்தது. துடைக்கட்டுமா என்றேன். "இருக்கட்டும், என்னா பண்ணுது" என்றார் அண்ணன். வழியில் வண்டியை மடக்கிய போலீஸ்காரர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னய்யா அது, சைபர் ஈக்வல் டு சைபர்?"

"எங்க ஊரு பியெஸ்ஸி போட்ட கணக்குங்க சார்."

"விடை எங்க?"

"இன்னும் வரலீங்க சார்" என்றார் அண்ணன். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

மண்டியில் சரக்கு இறங்கியது. சீட்டு வந்தது. பதினோராயிரத்து எண்ணூறு. என் கணக்குப்படி நாற்பது பெருசுக்குப் பதினோராயிரத்து இருநூறு, பத்துப் பொடிக்கு ஆயிரத்து நானூறு, மொத்தம் பன்னிரண்டாயிரத்து அறுநூறு வந்திருக்க வேண்டும். எண்ணூறு ரூபாய் குறைகிறது! படித்தவனிடமே ஏமாற்றா? நேராக மண்டிக்காரர் மேசைக்குப் போனேன்.

"எண்ணூறு ரூபா எங்கங்க?"

"எந்த எண்ணூறு தம்பி?"

"படிக்காதவங்கள ஏமாத்தற மாதிரி எங்ககிட்ட முடியாதுங்க. நான் மேத்ஸ்."

சுற்றியிருந்த சுமை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மண்டிக்காரர் கோபப்படவில்லை. "எந்தக் காலேஜு?" என்று மட்டும் கேட்டார். நான் காலேஜ் பெயரைச் சொன்னேன். அதுவும் பெருமையாக.

அண்ணன் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். அவர் கையில் திங்கட்கிழமைச் சீட்டு இருந்தது. அதை இன்றைய சீட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

"திங்கக்கெழம பெருசு நாப்பது. இன்னிக்கும் நாப்பது. பொடி அன்னிக்கு இருவது. இன்னிக்கு பத்து. காசு அன்னிக்கு பதினாலாயிரம். இன்னிக்கு பதினொண்ணு எண்ணூறு."

இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பத்துப் பெட்டி குறைந்ததற்கு இரண்டாயிரத்து இருநூறு குறைந்திருக்கிறது. பொடி ஒரு பெட்டி இருநூற்று இருபது. பெருசு இருநூற்று நாற்பது. நின்ற இடத்திலேயே மனசுக்குள் மூன்று சீட்டிலும் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் பொருந்தியது. பெருசுக்கும் பொடிக்கும் இருபது ரூபாய்தான் வித்தியாசம். பொடியெல்லாம் சாஸ் தயாரிக்கிறவர்களுக்குப் போகிறது என்று மண்டிக்காரர் பிறகு சொன்னார். அவர் எங்களை ஒரு ரூபாய்கூட ஏமாற்றவில்லை. ஏமாற்றியது அப்பாவின் பாதிக் கணக்கு. அதற்கு முத்திரை குத்தியவன் நான்.

இரண்டு சமன்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒரே கோடாக இருந்தால் எண்ணற்ற தீர்வுகள் உண்டு. விடை என்று ஒன்றைச் சொல்ல முடியாது. இதை நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எழுதியிருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி. ஒவ்வொரு தடவையும் இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். கேள்வித்தாளில் வந்தால் எனக்குத் தெரியும். குட்டி யானையின் பின்கதவில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவர் வண்டியை ஓட்டினார். ஊருக்குள் நுழையும் முன் மெதுவாக்கினார்.

"உங்க சின்னம்மாகிட்ட நீ சொல்றயா, நான் சொல்லட்டா?"

"நீங்களே சொல்லுங்கண்ணா."

"நான் சொன்னா, நான் சொல்றதா ஆயிடும். பொடி நூத்தி நாப்பதுன்னு அன்னிக்கு சொன்னது நீ. இன்னிக்கும் நீயே சொல்லு."

சின்னம்மா வயலில் ஆடு விட்டுப்போன குச்சிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"இருநூத்தி இருவதா?"

"ஆமா சின்னம்மா."

"அப்ப வெச்சிருந்திருக்கலாம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, குச்சிகளிடம் சொன்னார். இன்னொரு குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "போன வாரமெல்லாம் என்னா போட்டான்னு பாக்க முடியுமா கண்ணு?" என்று கேட்டார்.

பழைய சீட்டுகளை எல்லாம் அன்றைக்கே எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் விலை வேறு. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டுக்கு ஒன்று. எந்த வாரத்துக்கும் பொடியின் விலையைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இனிமேலும் வழியில்லை. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் திங்கள், புதன் இரண்டு நடைக்கும் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாயை அப்பா எண்ணிக் கொடுத்தார். சின்னம்மா வாங்கிக்கொண்டார். அப்பா இரண்டு நாள் அந்த வரப்புப் பக்கம் போகவில்லை. சான்றிதழ் சுவரிலேயே இருந்தது. அடுத்த முறை மீட்டர் பார்க்க வந்தவரை அப்பா பின்பக்கமாக அழைத்துப்போனார்.

புதிதாக நாற்று விட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவர மூன்று மாசத்துக்கு மேல் ஆகும். அதுவரை கூலிக்கும் மருந்துக்கும் சின்னம்மா கையில் இருந்தது போதாது. பத்து நாள் கழித்துச் சாமானை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினார். அண்ணன் வண்டிதான். டீசலும் டோலும் மட்டும் போதும் என்றுவிட்டார். நானும் கூடப் போனேன். சாமான் இறக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். முன்னால் சின்னம்மா உட்கார்ந்தார். நான் பின்னால் கேஸ் அடுப்புக்கும் மூட்டைக்கும் நடுவில், கதவின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு.

அண்ணனை அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வண்டியை விற்றுவிட்டு எங்கோ கம்பெனி வேன் ஓட்டப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவரையும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். அவர் முதல் ஆளின் மச்சான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பெங்களூர் போகிற வழியில் ஓசூரில் டீ குடிக்க நிறுத்தினோம். சின்னம்மா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஆடு உடாம இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்? தெரிஞ்சுக்கணும்னு இருக்குது. அவரு கேப்பாரு."

"அதெல்லாம் எதுக்கு சின்னம்மா?"

"சும்மா சொல்லு. இன்னும் எட்டு பறி கண்டிப்பா வந்திருக்கும். பறிக்கு இருவது பொட்டி. அந்த வார வெலயே வெச்சுக்க." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் தனியா ஒருக்கா போடு. அவன் சொல்றதக் கேக்காம போடு."

அண்ணன் டீ கிளாஸோடு வண்டிக்கு அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் நின்று விரல்விட்டு எண்ணினேன். நூற்று அறுபது பெட்டி. செலவு நூற்றைம்பது போகப் பெட்டிக்கு எழுபது. அதில் ஆட்டுக்காரர் கொடுத்த ஆயிரத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு முறை போட்டேன். அவர் திரும்பி வந்தார். சின்னம்மா முதலில் அவரைச் சொல்லச் சொன்னார், பிறகு என்னை.

இருவரும் ஒன்றையே சொன்னோம். பத்தாயிரத்து இருநூறு ரூபாய்.